அறுநூறு விநாடிக்குள் ஒரு பஸ்

சுவரைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதும் ஒரு உத்தியோகமா என்று கேட்பீர்கள். உத்தியோகம்தான். பொம்மசந்திராவில் ஒரு சோதனைக்கூடத்தில் சோனியா ஆறு வருஷமாக அதைத்தான் செய்கிறாள், லேசுப்பட்ட வேலையும் இல்லை. நம்பாவிட்டால் ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள், பதினோரு மணிக்கே கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்து வந்துவிடுவீர்கள்.

சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி. மின்சாரக் காருக்கு வீட்டிலேயே சார்ஜ் ஏற்றுகிற பெட்டி, கொஞ்சம் புத்தி வைத்துச் செய்தது. நேரம் பார்த்துத் தானே தொடங்கும், தானே நிற்கும். அதிலிருந்து ஒரு தடித்த ஒயர் இன்னொரு பெட்டிக்குப் போகிறது. அந்த இரண்டாவது பெட்டி கார் மாதிரி நடிக்கும். அறைக்குள் காரை நிறுத்த இடம் ஏது? அத்திபெலேப் பக்கத்து கம்பெனி ஒன்று இந்த சார்ஜர்களைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்புகிறது. அந்த ஊர்ச் சட்டத்துக்கு இவை அடங்கி நடக்கின்றனவா என்று பார்த்துச் சொல்வது சோனியாவின் பொறுப்பு.

சட்டத்தில் ஒரு விசித்திரமான விதி உண்டு. மின்சாரம் மலிவாகிற நேரத்துக்கு டைமர் வைத்துவிட்டு எல்லோரும் காரைச் சொருகிவிட்டுப் போய்விடுகிறார்கள். மணி ஆனதும் லட்சம் கார்கள் ஒரே நொடியில் கரண்டை இழுத்தால் ஊர் தாங்குமா? கல்யாணச் சாப்பாட்டு ஹாலில் கதவைத் திறந்த உடனே என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாதா? ஆகவே ஒவ்வொரு பெட்டியும் மணி ஆன பிறகு தன் இஷ்டத்துக்குக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். ஒன்று பத்து விநாடி, ஒன்று முந்நூறு, அதிகம் போனால் அறுநூறு. இத்தனை விநாடிதான் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியக் கூடாது.

சோதனை அதற்குத்தான். பெட்டியை முடுக்கிவிட்டு, உள்ளே 'டக்' என்று விசை விழும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். மறுபடி முடுக்க வேண்டும், மறுபடி உட்கார வேண்டும். ஒரு பெட்டிக்கு இருபது தடவை. விநாடிகளைக் கம்ப்யூட்டர் எண்ணிக்கொள்ளும். ஆனாலும் ஒரு மனுஷர் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்பது அந்தக் கூடத்தின் வழக்கம். இருபதும் முடிந்ததும் சாட்சித் தாளில் ஒரு வரிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். 'சோதனை நடந்த நேரம் முழுவதும் நான் கவனித்துக்கொண்டிருந்தேன்' என்பது அந்த வரி.

அந்த வரியைப் படிக்காமல்தான் சோனியா கையெழுத்துப் போடுவாள். ஏன் என்று சொல்கிறேன், அதற்கு முன்னால் பஸ்ஸைச் சொல்லிவிடுகிறேன்.

அவள் வீடு மர்ஃபி டவுனில். தினம் சிவாஜிநகருக்குப் போய் அங்கிருந்து ஓசூர் ரோட்டுப் பஸ்ஸைப் பிடித்து பொம்மசந்திராவில் இறங்குவாள். ஆறு வருஷத்தில் அந்த வழி அவளுக்குள் ஊறிப்போய்விட்டது. பெட்டியை முடுக்கிவிட்டு நாற்காலியில் சாய்ந்தால், ஏ.சி.யின் உர்ரென்ற சத்தம் மெல்ல மெல்லப் பஸ் என்ஜின் சத்தமாகிவிடும். சுவரின் வெள்ளை கலைந்து சிவாஜிநகர் ஸ்டாண்டின் காலை வெயிலாகும். டிரைவர் டீ கிளாஸைக் கீழே வைப்பார். கதவு மூடும். பஸ் கிளம்பிவிடும்.

அது கனவுப் பஸ் என்பதற்கு ஒரே அத்தாட்சி, வழியில் டிராஃபிக் இருக்காது. எப்போதும் நெரிசலில் திணறுகிற மடிவாளாகூட ஆள் அரவமில்லாமல் ஏரிக்கரை மாதிரி கிடக்கும். மேயோ ஹால் மரங்களிலிருந்து மஞ்சள் பூ உதிர்ந்து ஜன்னல் வழியாக மடியில் விழும். கண்டக்டர் டிக்கெட் கேட்க மாட்டார், பூவைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போவார். ஆடுகோடியில் சிக்னல்கள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறும், பஸ் சத்தமே இல்லாமல் மிதந்து போகும். சோனியா எப்போதும் உள்பக்க சீட்டில்தான் உட்காருவாள். ஜன்னல் சீட்டில் தன் துப்பட்டாவைப் போட்டு இடம் பிடித்து வைத்திருப்பாள். யாருக்கு என்று இப்போது கேட்காதீர்கள்.

எந்த இடத்தில் 'டக்' கேட்கிறதோ அந்த இடத்தில் பஸ் அணைந்துவிடும். பெட்டி சீக்கிரம் விழித்தால் மேயோ ஹாலோடு சரி. நெடுநேரம் காத்திருந்தால் பஸ் மடிவாளா வரை போகும். மடிவாளாவில் அவளுடைய அக்கா மமதா ஏறுவாள். கையில் ஒரு சிவப்பு ஃபிளாஸ்க் இருக்கும்.

அக்கா எதற்கு, ஃபிளாஸ்க் எதற்கு என்றால், அது பதினாறு மாசத்துக்கு முந்தைய கதை. அவர்கள் அம்மா எல்லம்மா சர்க்கரை ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்தார். தேறிவிட்டார், மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. சாயங்காலம் மமதா ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு டீ வாங்கப் போனாள். பக்கத்தில் இரு, அம்மா தனியாக எழுந்திருக்கப் பார்ப்பார், கவனமாகப் பார்த்துக்கொள் என்று தங்கையிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். டீயோடு திரும்பி வந்தபோது அம்மா தரையில் கிடந்தார், இடுப்பெலும்பு உடைந்திருந்தது. அதற்கப்புறம் அவர் எழுந்து நடக்கவே இல்லை. நாற்பது நாளில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

காரியம் முடிந்த அன்று மமதா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நீ பாத்துகினுதானே இருந்தே?"

சோனியா சொன்னாள். "பாத்துகினுதான் இருந்தன். ஒரு செகண்ட்ல வியுந்துட்டாங்க."

மமதா அவள் முகத்தையே பார்த்தாள். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. அக்கா பேசட்டும் என்று இவள் இருந்தாள், இவள் வாயிலிருந்து வரட்டும் என்று அவள் இருந்தாள். மமதாவின் வீடு சந்தாபுராவில். சோனியாவின் வேலை இடத்திலிருந்து பஸ்ஸில் பத்து நிமிஷம்கூட ஆகாது. இவள் சாலையின் இந்தப் பக்கம் இறங்கி, வேலையை முடித்து, எதிர்ப்பக்கத்துப் பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய்விடுவாள். நல்ல வைராக்கியம், போங்கள்.

இனி அந்த வாரத்துக்கு வருவோம். கம்பெனி மூன்று பெட்டிகளை அனுப்பியிருந்தது, நாளுக்கு ஒன்றாக மூன்று நாள் சோதனை. வெள்ளிக்கிழமை வெளியிலிருந்து ஒரு அதிகாரி வருகிறார். அறிக்கையில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தைச் சோனியாவுக்குத் தரலாமா என்று அவர் முடிவு செய்ய வேண்டும். இதுவரை அவள் சாட்சித் தாளில் மட்டும்தான் போட்டிருக்கிறாள், அறிக்கையில் மேனேஜர் ஸ்ரீகண்டன் போடுவார். ஆறு வருஷமாக அவள் காத்திருந்தது இதற்குத்தான். ஸ்ரீகண்டனும் அவள் பெயரைத்தான் எழுதி அனுப்பியிருந்தார். இவளைப் போல அசையாமல் உட்காருகிற ஆளை நான் பார்த்ததே இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பாவம், அவருக்குப் பஸ்ஸைப் பற்றித் தெரியாது.

திங்கட்கிழமை முதல் பெட்டி. முதல் தடவை பஸ் மேயோ ஹாலைத் தொட்டதும் 'டக்'. இரண்டாவது தடவை டிரைவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள்ளேயே 'டக்'. ஐந்தாவது தடவை மடிவாளாவில் அக்கா ஏறினாள், படியில் கால் வைத்ததோடு சரி. ஒன்பதாவது தடவைதான் நீளமான தடவை. அக்கா ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்து, சீட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். ஃபிளாஸ்கிலிருந்து ஏலக்காய் வாசனை வந்தது. ஜன்னல் சீட்டில் கிடந்த துப்பட்டாவைப் பார்த்தாள், தங்கையின் முகத்தைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள். "நீ..." என்றாள். 'டக்'. சோனியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். நல்ல வேளை என்றுதான் நினைத்தாள், சொன்னால் என்ன.

செவ்வாய்க்கிழமை வேறு பெட்டி. அதே மேயோ ஹால், அதே டீ. ஒன்பதாவது தடவை அக்கா வந்து நின்று "நீ..." என்றாள், 'டக்'. மனசுதான் பழகிய தடத்திலேயே ஓடுகிறது என்று சோனியா எண்ணிக்கொண்டாள். இரண்டு நாளும் சாயங்காலம் சாட்சித் தாளில் கையெழுத்துப் போட்டாள். கம்ப்யூட்டர் இரண்டு பெட்டிகளுக்கும் பச்சைக் குறி காட்டியது. ஒவ்வொரு பெட்டியின் இருபது எண்களும் பூஜ்யத்துக்கும் அறுநூறுக்கும் நடுவே நன்றாகச் சிதறித்தான் இருந்தன. அதற்கு அது போதும்.

புதன்கிழமை மூன்றாவது பெட்டி. ஒன்பதாவது தடவை மடிவாளாவில் பஸ் நின்றபோது, அக்கா ஏறுவதற்கு முன்பே சோனியாவுக்கு அவள் எத்தனை எட்டு வைப்பாள் என்று தெரிந்திருந்தது. அக்கா வந்தாள், வாயைத் திறந்தாள், "நீ..." என்றாள். 'டக்' விழுந்தது.

சோனியா கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்தாள். மூன்று பெட்டி, மூன்று நாள், அக்கா ஏன் அதே 'நீ'யில் வந்து நிற்கிறாள்? கனவு பழகிய தடத்தில் ஓடலாம். ஆனால் விசை கனவில் இல்லை, பெட்டிக்குள் அல்லவா இருக்கிறது? பத்தாவது தடவை முந்தின இரண்டு நாளும் குட்டியாக இருந்தது ஞாபகம் வந்தது, பஸ் கதவு மூடுகிற நேரம். முடுக்கினாள். டிரைவர் கிளாஸை வைத்தார், கதவு மூடியது, இவள் விரலை உயர்த்தினாள். 'டக்'.

எழுந்து போய் மூன்று நாள் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தாள். தனித்தனித் தாளாகவே போகிறவை, யாரும் இப்படிச் சேர்த்து வைத்துப் பார்ப்பதில்லை. தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றைந்து. இருபத்திரண்டு, இருபத்திரண்டு, இருபத்திரண்டு. வரிசை முழுக்க அப்படியே இருந்தது.

கம்பெனியின் எஞ்சினியர் டொமினிக் வரவேற்பறையில் அறிக்கைக்காகக் காத்திருந்தார். சரக்கு கிளம்பத் தயாராக இருக்கிறது என்று காலையிலிருந்து இரண்டு தரம் சொல்லிவிட்டார். சோனியா அவரையும் ஸ்ரீகண்டனையும் உள்ளே கூப்பிட்டாள். ஒரு துண்டுக் காகிதத்தில் ஒரு எண்ணை எழுதி மடித்து டொமினிக்கின் கையில் கொடுத்தாள். மூன்று பெட்டிகளுக்கும் கரண்டை நிறுத்தி, மூன்றையும் ஒன்றாகப் போட்டு முடுக்கிவிட்டாள்.

மூவரும் நின்றார்கள். அந்த ஒன்றரை நிமிஷத்தில் சோனியா பஸ்ஸில் ஏறவில்லை. ஆறு வருஷத்தில் முதல் தடவையாகச் சுவரைச் சுவராகப் பார்த்தாள். பெயின்ட் ஒரு மூலையில் உரிந்திருந்தது. பிறகு 'டக்' கேட்டது. மூன்று பெட்டி, ஒரே ஒரு சத்தம்.

டொமினிக் காகிதத்தைப் பிரித்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், முகம் செத்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எண்கள் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதைப் பெட்டி ஒவ்வொரு தடவை கரண்ட் வந்து விழிக்கும்போதும் புதிதாக எடுக்க வேண்டுமாம். அவர்கள் தங்கள் ஆலையில் சோதிக்கும்போது, தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க வசதியாக, அதை ஒரே இடத்தில் கட்டிப்போட்டிருந்தார்கள். அவிழ்த்துவிட மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஒரு ஊரில் கரண்ட் போய் வந்தால், அங்கே உள்ள எல்லாப் பெட்டியும் ஒன்றாக விழித்து, ஒரே எண்ணை எண்ணி, ஒரே நொடியில் இழுக்கும். சட்டம் எதை வேண்டாம் என்றதோ அதுவே நடக்கும். டொமினிக் சோனியாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, கிளம்பத் தயாரான சரக்கை நிறுத்தச் சொல்ல போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்.

ஸ்ரீகண்டனுக்கு ஒரே பூரிப்பு. வெள்ளிக்கிழமை அதிகாரியிடம் இதையே காட்டலாம், இதைவிட வேறு என்ன வேண்டும் என்றார். குறை அறிக்கைப் படிவத்தை அவளிடம் கொடுத்தார். அதில் ஒரு கட்டம் இருந்தது. 'குறை எவ்வாறு கண்டறியப்பட்டது?'

சோனியா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதாமலே இருந்தாள்.

"மூணு நாள் பதிவையும் ஒப்பிட்டதுல தெரிஞ்சதுன்னு போடும்மா," என்றார் ஸ்ரீகண்டன். "நிஜமும் அதுதானே."

நிஜமும் அதுதான், முக்கால்வாசி. எழுதிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அன்றைக்கும் இப்படித்தான் ஒரு வாக்கியம் சுலபமாகக் கைக்குக் கிடைத்தது, அதை எடுத்து அக்காவிடம் நீட்டிவிட்டாள். அதைத் தூக்கிக்கொண்டு பதினாறு மாசம் திரிந்தாயிற்று. மறுபடி ஒன்றைத் தூக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

"ஒப்பிட்டது அப்புறம் சார்," என்றாள். "மொதல்ல நான் கனாதான் கண்டுகினு இருந்தன். மூணு நாளும் பாக்கவே இல்ல. ஆறு வருஷமாவே இப்டித்தான்."

ஸ்ரீகண்டன் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. திங்கள், செவ்வாய் சாட்சித் தாள்களை அவள் கேட்டு வாங்கினாள். தன் கையெழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் 'முழு நேரமும் கவனிக்கவில்லை' என்று எழுதித் தேதி போட்டாள். படிவத்தின் கட்டத்தில், காத்திருந்த நேரத்தில் மனத்துக்குள் ஓடிய பஸ் மூன்று நாளும் ஒரே நிறுத்தங்களில் நின்றதால் சந்தேகம் வந்தது என்று உள்ளபடியே எழுதினாள். இப்படி ஒரு குறை அறிக்கையை அந்தக் கூடம் அதற்கு முன் பார்த்திருக்காது.

அவர் இரண்டு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதற்கு மேல் வெள்ளிக்கிழமை உன் பெயரை வைக்க முடியாதும்மா, பழைய தாள்களையும் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் அவளுக்கு வலித்தது. சரி சார் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் நாலரை மணி. ஓசூர் ரோட்டில் லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. அவள் பஸ் எதிர்ப்பக்கத்தில் நிற்கும். அவள் சாலையைக் கடக்கவில்லை. இந்தப் பக்கத்திலேயே நின்று, சந்தாபுரா போகிற பஸ்ஸில் ஏறினாள். நிஜப் பஸ், கூட்டம், யாரோ காலை மிதித்தார்கள், கண்டக்டர் "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று முன்னால் நகரச் சொல்லிக் கத்தினார். மஞ்சள் பூ ஒன்றும் உதிரவில்லை. பத்து நிமிஷத்துக்குள் சந்தாபுரா வந்துவிட்டது.

மமதா தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்து கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள், காதோரம் நரைத்திருந்தது. கையில் ஒரு பாதி தைத்த ரவிக்கை. வா என்றும் சொல்லவில்லை, கதவை மூடவும் இல்லை. தங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நடுவில் 'டக்' என்று எதுவும் வந்து காப்பாற்றவில்லை.

"அன்னிக்கி நான் பாத்துகினு இல்லக்கா," என்றாள் சோனியா. "பக்கத்துல உக்காந்துகினு எங்கேயோ இருந்தன். அவங்க எயுந்தது தெரில. வியுந்த சத்தம் கேட்டுதான் திரும்பனன். உன்கிட்ட பொய் சொல்ட்டன்."

சொல்லி முடித்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழக்கூடத் தனக்கு உரிமை இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். மமதா ரவிக்கையை மடித்தாள், மறுபடி பிரித்தாள். பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடித்து ஓய்ந்தது.

"எங்க இருந்தே?" என்று கேட்டாள்.

சோனியா சொன்னாள். மறுநாள் அம்மாவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிற பஸ்ஸில் இருந்தாள். ஆட்டோ வேண்டாம், பஸ்ஸிலேயே போகலாம் என்று அம்மாதான் அன்று காலையில் ஆசைப்பட்டுச் சொன்னார். இவள் ஆஸ்பத்திரி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தபடி அந்தப் பஸ்ஸில் ஏறி, துப்பட்டாவைப் போட்டு அம்மாவுக்கு இடம் பிடித்துவிட்டாள். வழியெல்லாம் பூ உதிர்ந்துகொண்டிருந்தது. அம்மா கட்டிலைவிட்டு எழுந்த நேரத்தில், இவள் அவரைக் கைத்தாங்கலாகப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

மமதா கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். அப்படி எவ்வளவு நேரம் நின்றாள் என்று சோனியா எண்ணவில்லை.

"அம்மா எங்க உக்காந்துகினு வந்தாங்க?"

"ஜன்னல் சீட்டுல."

"எலுமிச்சம்பழம் குடுத்தியா? இல்லன்னா அவங்களுக்குப் பஸ்ஸு ஒத்துக்காதே."

"குடுத்தன்க்கா. கைலயே வெச்சி மோந்துகினு வந்தாங்க."

மமதா ரவிக்கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அது யாரோ கொடுத்த புதுத் துணி. பிறகு கதவை விட்டு ஒதுங்கி வழிவிட்டாள்.